எஞ்சினின் வலிமை எதில் இருக்கிறது?



கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் இருக்கிறது ஜெஞ்சாரோம். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் கார்ப் பட்டறைகளில் தொழில் பழகியவர்கள். மாலையில் அவர்கள் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும்? எந்த எஞ்சின் பெரியது, எதைப் பூட்டினால் வேகம் கூடும் என்பதில்தான். வீட்டுப் பெரியவர்களுக்கோ அது வீண் செலவாகத் தோன்றும். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த நியாயம் எது என்பதை வரலாற்றைத் துணைக்கொண்டு இன்று பார்ப்போம்.

கார் எஞ்சின் நமக்கு அந்நியமான பொருள் அன்று. 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ காரை வெளியிட்டார். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் அந்த வகையில் செய்யப்பட்டன. அத்தனைக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-ல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. சிலாங்கூரில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று ஆள் சேர்த்தார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கு அந்த எஞ்சினும் ஒரு காரணம்.

அந்த ‘மாடல் டி’ எஞ்சினின் கொள்ளளவு 2.9 லிட்டர், சக்தியோ 20 குதிரை சக்திதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலைகள் அகலம், கார்கள் கனம். 1958-ல் ஷெவர்லே கம்பெனி 348 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. லாரிகளிலும் அது பூட்டப்பட்டது. இத்தகைய எஞ்சின்களுக்கே ‘பிக் பிளாக்’ என்று பெயர் வந்தது. சிலிண்டர்களைத் தாங்கும் இரும்புக் கட்டையே பெரியது என்பது பொருள். ஷெவர்லேயின் சிறிய பிளாக்கில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4.40 அங்குலம், பெரிய பிளாக்கில் 4.84 அங்குலம்.

ஆனால் கட்டை பெரிதானதால் மட்டும் வலிமை வந்துவிடவில்லை. எஞ்சினும் மூச்சு விடும் பொருளே. காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போக வேண்டும்; புகை தடையின்றி வெளியேற வேண்டும். ஆகவே ஷெவர்லேயின் பொறியாளர்கள் வால்வுகளைச் சாய்த்து வைத்துக் காற்றுப் பாதையை நேராக்கினார்கள். அப்படிச் செய்த பந்தய எஞ்சின் 1963-ல் டேட்டோனா பந்தயக் களத்தில் எல்லாரையும் வியக்க வைத்தது. 1965-ல் அதே அமைப்பு 396 கன அங்குல எஞ்சினாகச் சாலைக்கு வந்தது. வால்வுகள் பல திசையில் நீட்டிக்கொண்டிருந்ததால் ‘முள்ளம்பன்றி’ என்று அதைச் செல்லமாக அழைத்தார்கள். 1970-ல் அது 454 கன அங்குலமாக, 7.4 லிட்டராக வளர்ந்தது. அவ்வகையில் மிகுந்த வலிமை கொண்ட எஞ்சினுக்குக் கம்பெனி குறித்த அளவு 450 குதிரை சக்தி.

இன்றும் இந்த எஞ்சினைச் சாலைக் காருக்காகக் கட்டுவோர் உலகில் உண்டு. அவர்கள் செய்யும் தவறுகளிலிருந்து நாம் பாடம் கற்கலாம்.

முதல் தவறு, பெரிய துவாரமே சிறந்தது என்று எண்ணுவது. இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுகள் இரு வகை. ஒன்றில் காற்றுப் பாதை நீள்வட்டம். மற்றதில் அதைவிடப் பெரிய செவ்வகம். பந்தயத்தில் மிக வேகமாகச் சுழலும்போது செவ்வகம் வெல்லும். சாலையில் மெதுவாகப் போகும்போதோ நீள்வட்டமே நல்லது. அடுப்பு ஊதும் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். ஊதுகுழலில் ஊதினால் நெருப்புப் பற்றும். அகலமான குழாயில் ஊதினால் காற்று பரவிச் சோர்ந்துவிடும்.

இரண்டாவது தவறு கார்புரேட்டரில். ஒரு சிறு கணக்குப் போடுவோம். சிலிண்டர் ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சிழுக்கும். 454 கன அங்குல எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றினால், முழுமையாக நிரம்பினாலும் அதற்குத் தேவை சுமார் 720 கன அடிக் காற்று. ஆகவே 750 கன அடி விடும் கார்புரேட்டர் போதும். 1,000-க்கு மேல் விடுவதை வாங்குபவர் பணத்தையும் இழக்கிறார். மெதுவாகப் போகையில் எஞ்சின் திணறுவதையும் காண்கிறார்.

மூன்றாவது தவறு கேம்ஷாஃப்டில். வால்வுகளைத் திறந்து மூடுவது இதுவே. வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்ட், மெதுவாகச் சுழலும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். அதற்கு ஏற்ற அழுத்த விகிதம் இல்லாவிட்டால் எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. பல கார்களில் பிரேக்குக்குத் துணை செய்வது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம். அது குறைந்தால் பிரேக் கனத்துப் போகும். வேகத்தைக் கூட்டப் போய் நிற்கும் வழியைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

அழுத்த விகிதத்தையும் மனம்போல உயர்த்த முடியாது. 1970-ன் அந்த 450 குதிரை சக்தி எஞ்சினுக்கு விகிதம் 11.25-க்கு 1. அன்றைய ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலை நம்பி அதைச் செய்தார்கள். காற்றின் தூய்மையைக் காக்கும் சட்டங்கள் கடுமையாகவே, 1971-ல் தாழ்ந்த தரப் பெட்ரோலுக்கு ஏற்றபடி விகிதத்தைக் குறைத்தார்கள். 1972-ல் சக்தியை அளக்கும் முறையும் மாறியது. அவ்வாண்டு 454-க்குக் குறிக்கப்பட்டது 270 குதிரை சக்தி. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரிய எஞ்சின்களின் பொற்காலம் முடிந்தது. எரிபொருள் மாறினால் உறுப்புகளும் மாற வேண்டும் என்பதை வரலாறே காட்டிவிட்டது. நம் நாட்டு நிலையத்தில் கிடைக்கும் 95 பெட்ரோலில் பழைய பந்தய விகிதத்தை வைத்தால் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டன் உடையும்.

ஆகவே அறிந்தவர்கள் உறுப்பைத் தேடுமுன் நான்கு கேள்விகள் கேட்பார்கள். கார் எதற்குப் பயன்படும்? அதன் எடை என்ன? பின் அச்சின் பல்சக்கர விகிதம் என்ன? எந்தப் பெட்ரோல் ஊற்றப்படும்? இவற்றுக்கு விடை கண்டபின் அழுத்த விகிதம், ஹெட், கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர், புகைக்குழாய் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்வார்கள். நம் வெயிலுக்குத் தாங்கும் ரேடியேட்டரையும், கூடிய வேகத்துக்கு ஏற்ற பிரேக்கையும் மறக்கமாட்டார்கள்.

பெரிய எஞ்சின் இல்லாமலே இந்தக் கலையைப் பழகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில், சாதாரண மாருதி காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அமைத்தார். அயல்நாட்டுப் பந்தயக் காரை வாங்க முடியாத இளைஞரும் போட்டியிட அது வழி திறந்தது. 1995-ல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள பந்தயக் களம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அத்தகைய மாருதிப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டில் நம் சிலாங்கூர் மாநிலத்துச் செப்பாங் களத்திலும் அவர் கார் ஓட்டினார். ஜெஞ்சாரோமுக்கு அது தொலைதூரம் அன்று.

பெற்றோர்களே, பிள்ளை எஞ்சினைப் பற்றிப் பேசினால் சினம் கொள்ளாதீர்கள். “இது எதனோடு பொருந்தும்?” என்று கேளுங்கள். கணக்கோடு விடை சொன்னால் அவன் தொழில் கற்கிறான். பெயரையும் விலையையும் மட்டும் சொன்னால் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

இளைஞர்களே, நம் நாட்டில் எஞ்சினின் சி.சி. கூடக் கூடச் சாலை வரியும் கூடும். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். வேகத்தைச் சோதிக்கப் பந்தயக் களம் இருக்கிறது. பிள்ளைகள் நடக்கும் தோட்டத்துச் சாலை அதற்கு இடமன்று.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். கத்தியை ஆழமாக இறக்கினால் பால் பெருகாது, மரம்தான் காயப்படும். பட்டையின் அளவறிந்து வெட்டுபவரே நல்ல தொழிலாளி. எஞ்சினுக்கும் அதே நியதிதான். அளவறிந்து பொருத்துபவரின் கையில் சிறிய எஞ்சினும் நன்றாக ஓடும்.