சோவியத் நாடு அட்டையும் குடும்ப வாட்ஸ்அப்பும்

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கெல்லாம் 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாளில்தான் அட்டை. வழவழப்பான தாள், சீக்கிரம் கிழியாது. என் கணக்கு நோட்டின் மேல் டிராக்டர் ஓட்டும் ரஷ்யப் பெண் ஒருத்தி வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சென்னை போய் வந்தவர்கள் அமெரிக்க நூலகத்தின் ஏ.சி.யைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு வல்லரசுகளும் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்காக எதற்கு இவ்வளவு செலவு செய்தன என்று அப்போது யோசித்ததில்லை.

அரசாங்கத்தைத் தாண்டி, இன்னொரு நாட்டு மக்களிடம் நேராகப் பேசுகிற வேலை அது. 'பிரசாரம்' என்ற சொல் கோயபல்ஸ் கையில் நாறிப்போன பிறகு, 1965இல் எட்மண்ட் கல்லியன் என்ற அமெரிக்கர் இதற்குப் பொதுமக்கள் ராஜதந்திரம் என்று மரியாதையான பெயர் வைத்தார்.

பெயர்தான் புதிது. 1941 மே மாதமே லண்டன் பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கிவிட்டது. போர்க்காலம், தமிழ்ப் பாசத்தால் வந்ததல்ல. அந்தப் பக்கம் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி முதலில் ஜெர்மனியிலிருந்தும், பிறகு சிங்கப்பூர், ரங்கூனிலிருந்தும் ஒலித்தது. அதிலும் தமிழ் உண்டு. என் பெரியப்பா இரண்டையும் கேட்டவர். "ஒரே சண்டையில ரெண்டு பேரும் ஜெயிப்பானுங்கடா. ரெண்டுலயும் பாதிப் பாதி கழிச்சுக்கணும்" என்பார். கழிக்க முடிந்ததற்குக் காரணம், பேசுவது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1962இல் சீனாவோடு போர். அடுத்த ஆண்டே பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பு தொடங்கியது! சண்டை போட்ட வீட்டோடுதான் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர்த் தையற்காரர் ஒருவர் அதன் நேயர். எந்த மீட்டரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போடுவார். சில வாரம் கழித்து வண்ண அட்டையும், காகிதத்தில் கத்தரித்த பூவும் வரும். தையல் மிஷினுக்கு மேலே வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். சீன அரசியலை அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம். தன் கடிதத்துக்கு ஒரு நாடு பதில் போடுகிறது என்பதுதான் அவருக்குப் பெருமை.

அந்தக் காலம் யோக்கியமானது என்று சொல்லவரவில்லை. உலகெங்கும் அறிவாளிகளுக்குப் பத்திரிகையும் மாநாடும் நடத்திய 'கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' அமைப்புக்குப் பணம் கொடுத்தது சி.ஐ.ஏ. என்று 1967இல் வெட்டவெளிச்சமானது. முகமூடி அன்றும் உண்டு.

இப்போது தூதர்களே ட்விட்டரில் இருக்கிறார்கள். சுஷ்மா சுவராஜ் அமைச்சராக இருந்தபோது வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களுக்கு அதிலேயே பதில் போட்டார். தையற்காரருக்கு வந்த அட்டையின் வாரிசு என்று அதைச் சொல்லலாம். ஆனால் 2020 நவம்பரில் சீன வெளியுறவுத் துறைப் பேச்சாளர், ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒரு குழந்தையின் கழுத்தில் கத்தி வைத்திருப்பது போன்ற ஜோடித்த படத்தைப் போட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்தக் கோபமே படத்தை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சீனாவுக்குள் ட்விட்டருக்கே தடை என்பது இதில் வேடிக்கை.

2017 ஏப்ரல் 30 அன்று பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2025 மே, இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த நாட்கள். இரவில் ஒரு விமானம் சுடப்பட்டு விழும் வீடியோ வந்தது. உணர்ச்சிவசப்பட்டுக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். காலையில் பேரன் போன் செய்தான்.

"தாத்தா, அது கம்ப்யூட்டர் கேம். உங்களுக்கு யார் அனுப்பினா?"

"நம்ம சொந்தத்துலதான்டா."

"அவருக்கு யார் அனுப்பினா?"

என்னிடம் பதில் இல்லை. வீடியோவின் மேலே பல முறை ஃபார்வர்டு ஆனது என்று மட்டும் இருந்தது. லண்டனா, பீக்கிங்கா, பக்கத்துத் தெருவா, எந்த நிலையம் என்ற அறிவிப்பே இல்லை. ஒலிபரப்பிய நிலையம் நானேதான். அழித்தேன். அதற்குள் என் தங்கை அதைக் கோயில் குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.