முதல் மார்ஷல் பிறந்த கதை

ஜிம் மார்ஷல் 1960-இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஓர் இசைக்கருவிக் கடை திறந்தார். அவர் டிரம் வாசிப்பவர், டிரம் வகுப்பும் எடுத்தவர். அதனால் கடையில் முதலில் டிரம்தான் விற்றது. டிரம் வாங்க வந்த பையன்களின் பின்னாலேயே அவர்களுடைய குழுவின் கிட்டார்காரர்களும் வந்தார்கள். பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் அப்படி வந்தவர்களே. கிட்டாரும் ஆம்ப்பும் விற்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தப் பையன்கள் ஏங்கிய ஒலி அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனில் இருந்தது. பேஸ் கிட்டாருக்கென்று செய்த ஆம்ப் அது. சாதாரண கிட்டாரைச் செருகினாலும் ஒலி நல்ல தடிமனாக வரும். ஆனால் இறக்குமதிச் சரக்கு, விலை அவர்கள் கைக்கு எட்டாது. நாமே கட்டினால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. கடையில் பழுது பார்த்துவந்த கென் பிரானும், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த டட்லி கிரேவன் என்ற இளைஞரும் வேலையில் இறங்கினார்கள். பாஸ்மேனின் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் சுலபமாகக் கிடைத்த பாகங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சில மாதிரிகள் செய்த பிறகு, 1962-இல் ஜிம்முக்குப் பிடித்த ஒலி வந்தது. தன் பெயரையும் மகன் டெர்ரியின் பெயரையும் சேர்த்து அதற்கு ஜேடிஎம்45 என்று பெயரிட்டார்.

சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றுதான், ஒலி மட்டும் வேறு. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது இந்த இடம். பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7. அதன் பெருக்கத் திறன் எண் சுமார் 44. ஜேடிஎம்45-இல் அந்த இடத்தில் ஈசிசி83 உட்கார்ந்தது. அதன் எண் 100. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் அலையை முதல் படியிலேயே இப்படிப் பெரிதாக்கிவிட்டால், அடுத்த வால்வுகளால் அதைத் தாங்க முடியாது. அலையின் உச்சி தட்டையாகி, மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கும். கரகரப்பு என்று நாம் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

ஸ்பீக்கரும் மாறியது. பாஸ்மேனில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு, பின்பக்கம் திறந்த பெட்டி. மார்ஷல் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களைப் போட்டார். அன்றைய ஸ்பீக்கர்கள் அதிகச் சக்தி தாங்காதவை என்பதால், நான்கை ஒரே பெட்டியில் வைத்துப் பின்பக்கத்தை மூடினார். அடிச்சுரம் சிதறாமல் நெஞ்சில் வந்து இடிப்பது அந்த மூடிய பெட்டியால்தான்.

ஒரு குறை இருந்தது. அந்தக் கரகரப்பு வேண்டுமென்றால் சத்தத்தை முழுக்க ஏற்றியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் இதற்கு வழி கண்டார். ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற சின்னஞ்சிறு ஆம்ப்புக்குள் பெரிய ஆம்ப்பின் சர்க்யூட்டைத் திணித்துத் தொடங்கியவர் அவர். பிறகு கூடுதலாக ஒரு கெயின் (பெருக்கும்) படியைச் சேர்த்து, கடைசிச் சத்தத்துக்குத் தனித் திருகும் வைத்தார். மேசா பூகி அப்படி வளர்ந்தது. மார்ஷல் நிறுவனத்தாரும் 1975-இல் அதே போன்ற தனித் திருகை, மாஸ்டர் வால்யூம் என்ற பெயரில், கொண்டுவந்தார்கள். அதன் பிறகு கரகரப்பு ஒரு திருகிலும் சத்தம் இன்னொரு திருகிலும் அடங்கின.

கைக்காசு குறைவாக வைத்துக்கொண்டு ஹை-கெயின் ஆம்ப் தேடுபவரிடம் நான் சொல்வது இதிலிருந்தே வருகிறது. வீட்டில் வாசிக்க 100 வாட் தேவையே இல்லை. கெயினுக்கும் மாஸ்டருக்கும் தனித்தனித் திருகுள்ள சிறிய ஆம்ப் ஒன்றைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல 12 அங்குல ஸ்பீக்கரில் போடுங்கள். அதற்கும் மேல் கையில் ஏதாவது இருந்தால், ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை ஆம்ப்புக்கு முன்னால் வையுங்கள். அதன் டிரைவ் திருகைக் குறைத்து லெவல் திருகை ஏற்றினால் அடிச்சுரத்தின் குழைவு குறைந்து, வேகமாக அடிக்கும் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கும்.