சிறு விமானங்களில் மாற்று எஞ்சின்கள்: இந்திய முயற்சிகள்

இந்தியாவில் உருவான சிறு விமானங்கள் தொடக்கம் முதலே பிஸ்டன் எஞ்சினையே நம்பியிருந்தன. ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் பயிற்சி விமானமான ஹெச்.டி.-2 (1951) 155 குதிரைத் திறன் சிர்ரஸ் மேஜர் எஞ்சினுடனும், புஷ்பக் (1958) 90 குதிரைத் திறன் கான்டினென்டல் எஞ்சினுடனும் பறந்தன. பழகிய மெக்கானிக்குகளும் உதிரிபாகங்களும் கிடைத்ததால் அந்த வகையே நிலைத்தது.

மாற்று வகைகளில் இங்கு ஆழமாக முயன்று பார்க்கப்பட்டது வாங்கல் சுழல் எஞ்சின். ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கலின் இந்த வடிவமைப்பு 1957-இல் முதன்முதலாக ஓடியது. பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பும். அதிர்வு அங்கேதான் பிறக்கிறது. வாங்கலில் பிஸ்டனுக்குப் பதில், இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட உறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் எஞ்சின் தண்டு மூன்று சுற்றுகள் சுற்றிவிடும். வால்வும் கனெக்டிங் ராடும் கிடையாது. எடைக்குத் திறன் அதிகம். ஆனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் உறைச் சுவரில் உரசிக்கொண்டே ஓடுவதால் தேய்மானம் தீராத தலைவலி.

இந்தச் சிக்கலுக்குப் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) கண்ட தீர்வு பாராட்டத்தக்கது. உறையின் உட்சுவரில் நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு துகள்களைச் சேர்த்து மின்முலாம் பூசினார்கள். அகமதுநகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் வாகன ஆய்வு நிறுவனமும் (வி.ஆர்.டி.இ.) என்.ஏ.எல்.லும் கைகோத்து 55 குதிரைத் திறன் கொண்ட, சுமார் 30 கிலோ எடையுள்ள எஞ்சினை உருவாக்கின. இறக்குமதி எஞ்சினுக்குப் பதிலாக அதைப் பொருத்திய நிஷாந்த் ஆளில்லா விமானம், 2009 மார்ச்சில் கோலாரில் வெற்றிகரமாகப் பறந்தது. 2015-இல் ராணுவம் நிஷாந்தைக் கைவிட்டது. அதோடு, அரும்பாடுபட்டு உருவான எஞ்சினுக்கு உரிய விமானமும் இல்லாமல் போனது.

டீசல் எஞ்சினின் கதை வேறு. வழக்கமான விமான பிஸ்டன் எஞ்சின்களுக்கு ஈயம் கலந்த ஆவ்காஸ் பெட்ரோல் தேவை. 2022-இல் இந்தியன் ஆயில் வதோதராவில் அதன் உற்பத்தியைத் தொடங்கும்வரை முழுவதும் இறக்குமதிதான். விமான டீசல் எஞ்சின்களோ ஜெட் எரிபொருளிலேயே ஓடும். தபஸ் ஆளில்லா விமானத்துக்கு ஆஸ்திரிய டீசல் எஞ்சின் தேர்வானது. அதற்கு மாற்றாக 180 குதிரைத் திறன் எஞ்சினை வி.ஆர்.டி.இ., கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் துணையுடன் உருவாக்கியது.

இன்னொரு மாற்று மின் மோட்டார். அதில் ஐரோப்பியச் சான்று பெற்ற முதல் விமானம் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ (2020). பேட்டரியின் எடையால் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்கும். இருவர் அமரும் பயிற்சி விமானமான ஹன்சா-என்.ஜி.க்கு என்.ஏ.எல். தேர்ந்தெடுத்ததும் பிஸ்டன் வகையான ரோட்டாக்ஸ் எஞ்சினைத்தான். அந்த விமானம் 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது.