தேவாங்கும் ஒரு கண்டமும்

மெலிந்த பிள்ளையைக் கண்டால் 'தேவாங்கு' என்று ஏளனம் செய்வது நம் நாட்டு வழக்கம். 1861-இல் இலங்கையின் உயிரினங்களைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட், தமிழரின் இவ்வழக்கைக் குறித்து வைத்திருக்கிறார். மெல்லிய உடலினது என்பதே பெயரின் பொருள் என்றும் எழுதியிருக்கிறார். கால் கிலோ எடைதான் இருக்கும்; வால் கிடையாது; முகத்தில் பெரும்பகுதி கண்களே. பகலெல்லாம் கிளையில் சுருண்டு உறங்கி, இரவில் ஓசையின்றி நடந்து பூச்சிகளைத் தின்று வாழும் இச்சிற்றுயிரின் பெயரால் ஒரு கண்டமே எழுப்பப்பட்டது!

1758-இல் வெளியான தம் உயிரின அட்டவணையில், லின்னேயஸ் இத்தகைய இரவு உயிர்களுக்கு 'லெமூர்' என்று பெயர் சூட்டினார். நம் தேவாங்கினமும் அன்று அப்பெயரின்கீழ்தான் இருந்தது. லெமூர் என்றால் என்ன? பண்டை ரோமரின் நம்பிக்கைப்படி, இறந்தோரின் ஆவி! மே மாதத்து நள்ளிரவில் வீட்டுத் தலைவன் எழுந்து, கருநிற அவரைகளை வீசி ஆவிகளை விரட்டுவானாம். பேயோட்டுவதில் நம்மவர்க்கு ரோமாபுரி இளைத்ததன்று.

1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். லெமூர்கள் மடகாஸ்கரில் மிகுதி, அவற்றின் உறவினமோ இந்தியாவில், இடையில் பெருங்கடல். கடலுக்கடியில் ஒரு நிலம் அமிழ்ந்திருக்க வேண்டும் என்று கருதி அதற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். அன்றைய அறிவுக்கு அது நேர்மையான ஊகமே. ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் அந்நிலத்தில் மனித குலத்தையே பிறப்பித்தார். 1888-இல் பிரம்ம ஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையாரோ, முட்டையிலிருந்து தோன்றிய பேருருவ மாந்தரை அங்கே குடியேற்றினார்!

ஊகத்தை அறிவியல் கைவிட்டது. 1880-லேயே வாலஸ் அதனை மறுத்தார். நிலப்பலகைகள் நகர்கின்றன என்பது 1960-களில் உறுதிப்பட்டபின் அமிழ்ந்த கண்டத்துக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் தோன்றியது நேற்று!

ஆனால் நாம் கைவிட்டோமா? பஃறுளியாற்றைக் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. பாண்டியனின் நிலத்தைக் கடல் விழுங்கியதை இறையனார் களவியல் உரை சொல்லும். அடியார்க்கு நல்லார் 49 நாடுகள் என்று கணக்கே தருவார். இவர்களுள் எவரும் மடகாஸ்கர் வரை நிலம் கிடந்தது என்று எழுதவில்லை. பனிக்காலம் முடிந்தபின் கடல் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது, கரையோர நிலங்கள் மூழ்கின, இது மெய். இலக்கியச் செய்தியையும் ஸ்கிளேட்டரின் ஊகத்தையும் முடிச்சுப் போட்டவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் நம் அறிஞர்கள். அதை மேடையில் முழங்கியவர்கள் நாம். வகுப்பறையில் வரைபடம் வரைந்து காட்டியவர்களும் நாமே. புராணத்தின் பாற்கடலை எள்ளி நகையாடிய வாயால் லெமூரியாவைப் பாடினோம். கீழடியின் செங்கல்லைக் கையில் தொட்டுக் காட்டலாம், தோழர்களே! தமிழின் தொன்மைக்கு ஆவியின் பெயர் கொண்ட கண்டம் எதற்கு?

கண்டம் கண்டவர்கள் தேவாங்கைக் காணவில்லை என்பதுதான் வேதனை. அதன் கண்ணில் வசிய மருந்து இருக்கிறது என்று நம்பி, உயிரோடு நெருப்பருகே பிடித்து விழி வெடிக்கச் செய்வார்களாம். இதையும் டென்னன்ட் எழுதியிருக்கிறார். குறி சொல்வோர் அதனைக் கயிற்றில் கட்டிச் சீட்டெடுக்க வைத்தனர். எதிர்ப்பட்டால் கேடு என்று அடித்துக் கொன்றோரும் உண்டு. இருளில் அதன் கண் ஒளிர்வதற்குக் காரணம் மாயமன்று; விழியின் பின்புறம் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று இருக்கிறது, அவ்வளவே.

1972-ஆம் ஆண்டின் வன உயிர்ச் சட்டம் அதனைப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கிற்று. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே.