ஆக்ஸிஜன் என்னும் பெயரும் மாணவர் சோதனையும்

பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துதல் நம் இலக்கண நூலார் மரபு. கலைச்சொல் ஆக்குவோர் காரணப்பெயரையே பெரிதும் விழைவர். அவ்விழைவிற்கு எல்லையுண்டு என்பதை வேதியியல் வரலாறு காட்டும்.

பிரெஞ்சு அறிஞர் லவாசியே முதலியோர் 1787-இல் வெளியிட்ட பெயரீட்டு நூலில் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் என்னும் பெயர்கள் இடம்பெற்றன. கிரேக்க வேர்வழி, முன்னது அமிலம் பிறப்பிப்பது எனவும் பின்னது நீர் பிறப்பிப்பது எனவும் பொருள்படும். அமிலம் யாவற்றிலும் ஆக்ஸிஜன் உண்டென்பது லவாசியேயின் கொள்கை.

இனி, மாணவர் செய்யும் எளிய சோதனையொன்றை நோக்குவாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீல லிட்மஸ் தாள் சிவக்கும். துத்தநாகத் துண்டினை இட்டால் குமிழிகள் எழும். குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்ட, வெளிவரும் வாயு சிறு வெடியொலியுடன் எரியும். எரிந்து உண்டாவது நீர். ஆதலின் ஹைட்ரஜன் தன் பெயருக்கு உரியதே. ஆனால் அவ்வமிலச் சேர்மத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் அன்றி ஆக்ஸிஜன் இல்லை. இங்கிலாந்தின் டேவி 1810-இல் குளோரின் ஒரு தனிமமே என எடுத்துரைத்தபோது, ஆக்ஸிஜன் என்ற பெயரின் காரணம் பொய்த்தது. பெயர் மட்டும் இடுகுறிபோல் நின்றுவிட்டது. ஜெர்மானியரோ அப்பிழையைத் தம் மொழியிலேயே பெயர்த்து, புளிப்புப்பொருள் எனப் பொருள்படும் சொல்லை இன்றும் வழங்குகின்றனர். அதனால் அவர்தம் வேதியியல் குன்றிற்றில்லை!

தமிழில் இருவழியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த கிறீன், 1875-இல் வெளிவந்த தம் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என ஒலிபெயர்ப்பையே பெயராக்கினார். பிராணவாயு, உயிர்வளி என்பன காரணம் பற்றியன. அமிலக் கொள்கை வீழ்ந்தமை இவற்றைத் தீண்டவில்லை. எனினும், அவ்வாயு இன்றியே வாழும் நுண்ணுயிர்களும் உள.