வறண்ட ஆற்றில் மூண்ட தீ

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி, 1.8 கிலோகிராம் எடையுள்ள 'இன்ஜெனுவிட்டி' என்னும் ஆளில்லா ஹெலிகொப்டர் செவ்வாயின் தரையிலிருந்து மூன்று மீற்றர் எழுந்து, 39 வினாடிகள் பறந்து இறங்கியது. பூமியின் காற்றில் நூற்றிலொரு பங்கு அடர்த்தியே கொண்ட வளிமண்டலத்தில் நிகழ்ந்த இவ்வருஞ்செயலை வல்லரசொன்றின் வெற்றியென்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால், அதனை ஆக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம் பணமற்ற சில இளைஞரின் பிடிவாதத்திற் பிறந்தது. அவர்களுக்கு நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

1936இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவரான பிராங் மலினா, ஆளில்லா ரொக்கெட்டினால் மேல்வளிமண்டலத்தை ஆராய விரும்பினார். கற்றோர் பலர் ரொக்கெட்டைக் கதைப் பொருளாகக் கருதிய காலம் அது. வெடிமருந்துக் கலையைத் தாமே கற்ற ஜாக் பார்சன்சும், இயந்திர வேலை தெரிந்த எட் போர்மனும் அவரோடு இணைந்தனர். இவ்விருவரும் பட்டதாரிகளல்லர். பேராசிரியர் தியோடர் வொன் கார்மன் ஆதரவளித்தார், பணத்துக்கு வழியிருக்கவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, பசடீனா நகரின் அருகே அரோயோ செக்கோ என்னும் வறண்ட ஆற்றுப்படுகையில் முதற் சோதனை நடந்தது. மெதைல் அற்ககோலை ஒட்சிசன் வாயுவினால் எரிக்க முயன்றனர். இறுதி முயற்சியில் ஒட்சிசன் குழாய் தீப்பற்றிப் பாம்புபோற் சுழன்றடிக்க, யாவரும் ஓடித் தப்பினர். 1937 ஜனவரியில் இயந்திரம் 44 வினாடிகள் எரிந்தது. சீனாவிலிருந்து வந்திருந்த மாணவர் சியென் சூசென் தம் கணிதத் திறமையோடு சேர்ந்தார். வெல்ட் ஆர்னோல்ட் என்பவர் ஆயிரம் டொலர் தர முன்வந்து, முதற் பகுதியைப் பத்திரிகைத்தாளிற் சுற்றிக் கொணர்ந்தார். கழக வளவில் அவர்கள் விளைத்த வெடிப்புகளால் 'தற்கொலைப் படை' என்ற பெயரும் கிட்டியது.

ஆராய்ச்சிக்குக் கிடைக்காத பணம் யுத்தத்துக்குக் கிடைத்தது. விமானங்களை விரைந்தெழச் செய்யும் ரொக்கெட்டுகளுக்காக 1939இல் 10,000 டொலர் வந்தது. 1945 ஒக்டோபரில் அவர்களது 'வாக் கோப்பரல்' ரொக்கெட் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் உயர்ந்து, மாணவப் பருவக் கனவை நிறைவேற்றியது. அதே அறிவு விரைவில் ஏவுகணை ஆயுதமாயிற்று. மலினா ஆய்வுகூடத்தை விட்டு 1947இல் யுனெஸ்கோவிற் சேர்ந்தார்.

முப்பதுகளில் இவ்விளைஞர் சிலர் மார்க்சியத்தையும் பாசிச எதிர்ப்பையும் பற்றி உரையாடும் கூட்டங்களுக்குச் சென்றிருந்தனர். பிற்காலத்தில் அதுவே குற்றமாயிற்று. 1950இல் சியெனின் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. சிறிது காலம் சிறைவைக்கப்பட்ட அவர், பின் ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வாழ்ந்து, 1955இல் சீனா திரும்பினார். கட்சி உறுப்புரிமையை மறைத்தாரென்று மலினாமீது 1952இல் வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. அவர் பிரான்சிலேயே வாழ்ந்து ஓவியராகி, 1968இல் கலையையும் விஞ்ஞானத்தையும் இணைக்கும் 'லியொனார்டோ' சஞ்சிகையை நிறுவினார்.

ஹெலிகொப்டர் பறந்து ஒரு மாதமாகுமுன், 2021 மே மாதத்தில், சீனாவின் 'சூரொங்' ஊர்தி செவ்வாயில் இறங்கியது. சீன ரொக்கெட் துறைக்கு அடிகோலியவர் சியென். அவரை விரட்டிய நாடும் வரவேற்ற நாடும் ஒரே ஆண்டில் ஒரே கிரகத்தின் மண்ணைத் தொட்டன. சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதனை நாடு கடத்தலாம். அவன் கற்ற கணிதத்தைக் கடத்த முடியாது. பல தேசத்து இளைஞர் ஒரு வறண்ட ஆற்றங்கரையில் ஒன்றுகூடி மூட்டிய அத்தீ மனிதகுலம் முழுவதற்கும் உரியது. வகுப்பறையில் அவ்வெற்றிகளைச் சொல்லும்போது, இவ்விளைஞரின் கதையையும் சேர்த்தே சொல்வோமாக.