புரோட்டானுக்கு எக்ஸ்ரே வழிகாட்டலாமா?

மாணவர்களே, அறிவியல் வரலாற்றுக் கட்டுரைக்கு இதோ ஒரு கதை. இன்னும் முடியாத கதை.

1946-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன், புரோட்டான் துகளைக் கொண்டு புற்றுநோய்க் கட்டியை அழிக்கலாம் என்று எழுதினார். எக்ஸ்ரே உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டானோ குறிப்பிட்ட ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளி இச்சிகிச்சையைப் பெற்றார். 2019-இல் சென்னை தரமணியில் அப்போலோ குழுமம் தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையத்தைத் திறந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? புரோட்டான் எங்கே நிற்கும் என்று கணக்கிட, உலகெங்கும் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் எடுத்த சிடி ஸ்கேன் படத்தைத்தான் நம்புகிறார்கள். இரண்டும் உடலுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கணக்கு 3 விழுக்காடு பிசகினாலே 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 3 மில்லிமீட்டர் தவறிப்போகும். பக்கத்தில் மூளைத்தண்டு இருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். நல்ல திசுவும் அடிபடுகிறது.

சரி, புரோட்டானாலேயே படமெடுத்தால் என்ன? சிடி ஸ்கேனுக்காக 1979-இல் நோபல் பரிசு பெற்ற ஆலன் கோர்மாக், 1963-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். உடலைக் கடந்து வரும் புரோட்டான் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்று அளக்க வேண்டும். ஆனால், கோடிக்கணக்கான துகள்களை ஒவ்வொன்றாக, வேகமாக அளக்கும் கருவி வேண்டுமே! அந்த ஆய்வு இன்றும் தொடர்கிறது.

ஜெலுத்தோங்கில் என் மாணவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்: கட்டுரையில் ஆண்டை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யோசனை பிறந்த பிறகும் நோயாளி ஏன் காத்திருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். அதுதான் வரலாறு.